என் அக்காவின் ஊரை நகரம் என்று எழுதினேன்

நான் பூகோளம் படித்தவன். இருபது வருடத்துக்கு மேல் ஒரு தனியார் பள்ளியில் அதையே சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பள்ளியை மூடியபோது எனக்கு நாற்பத்தேழு வயது. மற்ற பள்ளிகளில் பூகோளத்துக்கென்று தனியாக ஓர் ஆசிரியர் தேவைப்படவில்லை. சில மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு, கல்லூரியில் என்னோடு படித்த ஒருவர் சொல்லி, சென்னையிலிருந்து நடத்தும் ஓர் ஆய்வில் ஒப்பந்த வேலை கிடைத்தது.

கிராமங்கள் எப்படி நகரமாக மாறுகின்றன என்பதைக் கணக்கெடுக்கும் ஆய்வு அது. சங்கரன்கோவிலும் சுற்றியுள்ள ஊர்களும் என் பங்குக்கு வந்தன. வானத்திலிருந்து எடுத்த படங்களைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து அனுப்புவார்கள். ஒரே கட்டத்துக்குப் பழைய படம் ஒன்று, நடுவில் எடுத்தது ஒன்று, புதியது ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ‘கிராமம்’, ‘நகரம்’, ‘மாறிக்கொண்டிருப்பது’ என்று மூன்றில் ஒரு குறி போடவேண்டும். சந்தேகம் வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்க்கவேண்டும். வீடுவீடாகப் போய் அந்த வீட்டு ஆம்பளைகள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்றும் கேட்கவேண்டும். ஐயாயிரம் பேருக்கு மேல் நெருக்கமாக வசிக்கும் ஊரில், வேலை பார்க்கும் ஆண்களில் நான்கில் மூன்று பேராவது விவசாயத்தை விட்டிருந்தால் அது நகரம். இந்த விதி நாங்கள் கண்டுபிடித்ததல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெகுகாலமாக உள்ளது. பள்ளியில் நானே பலமுறை கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன்.

என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். என்னைவிட ஆறு வயது மூத்தவள். மாமா விசைத்தறி ஓட்டினார். ஐம்பது வயதுக்குள் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. மாமா போனபின் மூன்று வருடம் அக்கா வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை என்று சொல்லலாம். நான் போனால் சோறு போடுவாள், பேசமாட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்களோடு வந்து இரு என்று நானும் என் மனைவியும் எத்தனையோ தடவை கூப்பிட்டோம். வரவில்லை.

அவளை வெளியே கொண்டுவந்தது நூறு நாள் வேலைதான். பக்கத்து வீட்டில் இருந்த, நாங்கள் மதினி என்று கூப்பிடும் பெண் ஒரு நாள் காலையில் வந்து, கையில் மண்வெட்டியைக் கொடுத்துக் கூட்டிப்போயிருக்கிறார். அக்கா பத்தாவது பாஸ் செய்தவள் என்பதால் சில வருடத்தில் அவளையே பணித்தளப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுக்கவேண்டும். வேலை செய்யும் இடத்திலேயே அவர்களை நிற்கவைத்து, தினம் இரண்டு தடவை போனில் படம் எடுத்து ஏற்றவேண்டும். குளத்தங்கரையில் சிக்னல் கிடைக்காது. போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா கரையில் நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். கீழே நிற்கும் பெண்கள் கேலி பேசுவார்கள். இவளும் விடமாட்டாள், பதிலுக்குப் பதில் கொடுப்பாள். மாமா இருந்த காலத்தில்கூட அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

அக்கா ஊரின் கட்டங்கள் என் கணினிக்கு வந்தபோது, முதலில் ‘மாறிக்கொண்டிருப்பது’ என்றுதான் போட்டேன். பழைய படத்தில் ஊரைச் சுற்றிப் பருத்திக்காடு. புதியதில் வடக்கே வீட்டுமனைகள், தெற்கே வரிசையாகத் தறிக்கொட்டகைகள். ஆனாலும் குளத்துக்கு அந்தப் பக்கம் உழுத நிலம் கறுப்பாகத் தெரிந்தது. சென்னையிலிருந்து என் வேலையை மேற்பார்வையிட்ட பெண் போன் செய்தார். “சார், உங்ககிட்ட இருந்து மாறிக்கொண்டிருப்பது ரொம்ப வருது. நேர்ல ஒரு தடவ பாத்துட்டு, முடிவா ஒண்ணு போட்டுடுங்க.”

நேரில் போனேன். ஆவணி மாதம். அக்காவுக்கு முன்னாடியே சொல்லியிருந்தேன். அன்றைக்கு வேலை இல்லாததால் அவளே என்னோடு தெருத்தெருவாக வந்தாள். நான் கேட்பதற்கு முன்னால் அவள் பேசிவிடுவாள்.

“என் தம்பி. பூகோள வாத்தியாரு. கேக்கதுக்கு உள்ளபடி பதில் சொல்லுங்க, கூட்டிக் கொறச்சி சொல்லாதிய.”

அவள் சொன்னதால் எல்லா வீட்டிலும் கதவு திறந்தது. இல்லாவிட்டால் இந்த மாதிரிக் கேள்விகளுக்கு யாரும் வாய்திறக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் தறி. ஒரு வீட்டில் லாரி டிரைவர். மூத்தவன் திருப்பூரில், இளையவன் கேரளாவில் ஹோட்டலில். பெயின்ட் அடிப்பவர், கொத்தனார், வெளிநாட்டில் இருப்பவர். ‘விவசாயம்’ என்று சொன்ன ஆம்பளைகள் எல்லாரும் வயதானவர்கள். மாலைக்குள் நோட்டில் கணக்கு தெளிவாகத் தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மதினிதான் அதைக் கேட்டார். “ஆம்பளையாளுகளத்தான் கேப்பியளா தம்பி? நாங்க பாக்குற சோலி எழுதவேண்டாமா?”

“விதி அப்படித்தான் மதினி. ஆம்பளை வேலையத்தான் கணக்கு எடுப்பாங்க.”

“அது சரி. இந்த ஊர்ல மண்ணத் தொடுற கை பூராவும் பொம்பள கைதான். அது கணக்குல வராதாக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அக்கா வீட்டில் காபி குடிக்கும்போது, “கடைசில எங்க ஊர என்னன்னுலே எழுதுன?” என்று அக்கா கேட்டாள்.

“டவுன்னு எழுதியாச்சு” என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். ஏதோ நல்ல மார்க் வாங்கிக் கொடுத்த மாதிரி.

அக்கா வாசலுக்குப் போய் நின்று சத்தம் போட்டாள். “ஏட்டி, கேட்டியளா? நாமெல்லாம் இனிமே டவுன்காரிய!”

தெருவில் இருந்த பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி, “அப்பம் நாளைக்கு வேலைக்குச் செருப்புப் போட்டுத்தான் வருவேன்” என்றாள்.

சில மாதம் கழித்து, அந்த ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப்போவதாகச் செய்தி வந்தது. அக்கா போன் செய்தாள்.

“ஏலே, எங்க ஊர டவுனோட சேக்கப் போறாவளாம், தெரியுமா?”

“பேப்பர்ல பாத்தேன்க்கா.”

“டவுன் ஆயிட்டா நூறு நாள் வேலை கிடையாதாமே?”

“ஆமாக்கா. அது கிராமத்துக்கு மட்டும் உள்ளது.”

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

“இது உனக்கு அன்னைக்கே தெரியுமாலே?”

தெரியும். நூறு நாள் வேலை ஊரகப் பகுதிக்கானது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்த அன்றைக்கு, அதையும் இதையும் நான் சேர்த்து நினைக்கவில்லை. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, “நாங்க எழுதுனதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதுக்கா” என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். எங்களுடையது வெறும் ஆய்வு, அரசாங்கம் சேர்ப்பது வேறு விஷயம், அவர்கள் எங்களைக் கேட்பதில்லை என்று வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி நடத்தினேன்.

“எனக்குப் புரியுதுலே” என்றாள் அக்கா. “ஆனா இங்கன அப்படி இல்ல. ஒன் தம்பி எழுதிட்டுப் போனான், அடுத்தாப்புல அவிய வந்தாவன்னு மதினி சொல்லுதா. வீடு வீடா நீதான கூட்டிட்டு வந்தன்னு எல்லாவளும் என் மொகத்துக்கு நேராவே கேக்காளுவ. நான் சொன்னா எடுபட மாட்டேங்கு. நீ ஒரு நாள் வந்து சொல்லிட்டுப் போ. நீ வாத்தியாரு, நீ சொன்னா கேப்பாளுவ.”

“ஞாயித்துக்கிழம வாரேன்க்கா” என்றேன்.

போன் செய்து சென்னைப் பெண்ணிடமும் கேட்டேன். “நம்ம ரிப்போர்ட் இன்னும் எழுதவே ஆரம்பிக்கல சார், யாருக்கும் குடுக்கல” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை அந்தப் பெண்களிடம் போய்ச் சொன்னால் போதும்.

அந்த ஞாயிறு மனைவி வழியில் ஒரு கல்யாணம். அடுத்த ஞாயிறு குருவிகுளம் பக்கம் வேலை. மூன்றாவது ஞாயிறு ஒரு வேலையும் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இனி அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கைதட்டிச் சிரித்த அந்தப் பெண்களின் முன்னால் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் தப்புச் செய்யவில்லை, எதற்குப் போய் விளக்கம் சொல்லவேண்டும் என்ற வீறாப்பும் இருந்தது. பத்து நிமிட பஸ் தூரத்தை இரண்டும் சேர்ந்து அடைத்துக்கொண்டன.

அக்கா மறுபடி ஒரு தடவை, “வரலயாலே?” என்று கேட்டாள். அதற்கு அடுத்த போனில் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தக்காளி விலை, என் மகள் படிப்பு என்று பேசிவிட்டு வைத்துவிட்டாள். பிறகு ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டாள். “இன்னைக்கோட வேலை முடிஞ்சிதுலே. இனி கிடையாதுன்னுட்டாவ.”

“வேற ஏதாவது வரும்க்கா. கவலப்படாத.”

“ம்” என்றாள். வேறு என்ன சொல்லுவாள்.

அதற்குப் பிறகு அவள் எப்படி இருந்தாள் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண்களில் சிலர் தறிக்கு நூல் சுற்றப் போனார்கள். சிலர் காலையில் ஆட்டோ ஏறி, மேலநீலிதநல்லூர்ப் பக்கம் களையெடுக்கப் போனார்கள். ஒரு நாள் அக்காவும் தூக்குச்சட்டியோடு போய் ஆட்டோ பக்கத்தில் நின்றிருக்கிறாள். இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளும் நின்றிருக்கிறாள். அன்றைக்கும் இடமில்லை. மூன்றாம் நாள் அவள் வரவில்லை.

வேலை நடந்த காலத்தில் வாரம் ஒரு நாள், வேலை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்த அழுத்த மாத்திரை வாங்கி வருவார்கள். போகும் வழியெல்லாம் பேச்சு, வரும் வழியில் டீக்கடை. அக்காவுக்கு அழுத்தம் அதிகம். வேலை நின்றபின் தனியாகப் போக அவளுக்கு மனம் வரவில்லை. மாத்திரை தீர்ந்தது. அவள் போய் வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் கார்த்திகையில் மழை பெய்த ஒரு காலையில், முற்றத்துக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று மதினி எட்டிப் பார்த்திருக்கிறார். குடத்துக்குப் பக்கத்தில் அக்கா விழுந்து கிடந்தாள். மதினிதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கட்டின ஈரச்சேலையோடு அவரே கூட ஏறி வந்தார். அவர்தான் எனக்கும் போன் செய்தார். திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தோம். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. எத்தனை நாளாக மாத்திரை சாப்பிடவில்லை என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மதினிதான், “வேல நின்னதுல இருந்து” என்றார்.

நாலாம் நாள் அந்தப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பஸ் பிடித்து வந்தார்கள். உள்ளே இரண்டு இரண்டு பேராகத்தான் விட்டார்கள். மற்றவர்கள் வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் போய் நின்று, நான் மூன்று ஞாயிறு தள்ளிப்போட்டதைச் சொன்னேன். எங்கள் அறிக்கையை இன்னும் எழுதவே இல்லை, அதை யாரும் பார்த்ததும் இல்லை, அதனால் உங்கள் வேலை போகவில்லை, அக்காவுக்கு இதில் எதுவுமே தெரியாது என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மதினி, “அது எங்களுக்குத் தெரியும் தம்பி” என்றார். “வேற டவுன் பக்கமும்தான ஊருகளச் சேத்துருக்காவ. அங்கெல்லாம் நீங்களா போய் எழுதுனிய? வேல போன கோவத்துல வாயில வந்ததச் சொல்லிட்டோம். அவகிட்டப் போயி பேசிரணும், பேசிரணும்னுதான் தெனமும் நெனைப்பேன். ஒரு சொவருதான் எங்களுக்கு நடுவுல. போவல.”

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் போகவில்லை, அவரும் போகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வருவோம் என்று எத்தனை நாள் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாளோ.

அக்காவைச் சங்கரன்கோவிலுக்கு, என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முன்பு எத்தனை தடவை கூப்பிட்டும் வராதவள், தூக்கிக்கொண்டு வந்தபிறகுதான் வந்தாள். என் மனைவி முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டாள். இரண்டாவது மாதம் அக்காவுக்கு ஒரே ஒரு வார்த்தை திரும்பி வந்தது. “சரி.” தண்ணீர் வேண்டுமா என்றால், சரி. வலிக்கிறதா என்றால், சரி. திரும்பிப் படுக்கவைக்கச் சொல்வதற்கும் அதே சரிதான். கோபம் வந்தாலும் அதே வார்த்தையைத்தான் வேகமாகச் சொல்வாள்.

ஒரு மத்தியானம் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் சொன்னேன். “அக்கா, அன்னைக்கே எனக்குத் தெரியும். டவுன்னு ஆனா வேல போகும்னு தெரியும். நெனச்சுப் பாக்கல. நீ கூப்பிட்டப்ப வந்து சொல்லாம இருந்தது என் தப்புதான். அவங்க யாருக்கும் உன்மேல கோவம் இல்ல. ஆஸ்பத்திரில எல்லாரும் சொன்னாங்க.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையை மெதுவாக நகர்த்தி என் மணிக்கட்டின் மேல் வைத்தாள்.

“சரி” என்றாள்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சற்று நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி, காக்காயைப் பார்த்தும் அதையேதான் சொன்னாள்.

மதினி வாரம் ஒரு நாள் வருவார். வேலை இல்லாத நாளாகப் பார்த்து வருவார். அக்காவுக்குத் தலைசீவி, பூ வைத்துவிடுவார். அன்றைக்கெல்லாம் அக்கா நன்றாகச் சாப்பிடுவாள். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவிடுவாள் என்றுதான் நினைத்தோம். பங்குனியில் இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருமுன் முடிந்துவிட்டது. அவளைக் குளிப்பாட்டியது அந்தப் பெண்கள்தான். சொந்தக்காரர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு அவர்களே செய்தார்கள்.

அந்த மாதம் சென்னைப் பெண்ணுக்குப் போன் செய்து, அந்த ஊரின் குறியை மறுபடியும் ‘மாறிக்கொண்டிருப்பது’ என்று மாற்ற முடியுமா என்று கேட்டேன். “டேட்டாவ மூடியாச்சே சார்” என்றார் அவர். “ஏன் சார், தப்பா போட்டுட்டீங்களா?”

விதிப்படி பார்த்தால் தப்பு இல்லை. “இல்லம்மா, சும்மா கேட்டேன்” என்றேன். ஒப்பந்தம் முடிந்தபோது நான் புதுப்பிக்கவில்லை. இப்போது டியூஷன் எடுக்கிறேன்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் மதினி வீட்டுக்கு வந்தார். “நூறு நாள் வேலையத் திரும்பக் கேட்டு எங்களுக்கு ஒரு மனு எழுதித் தரணும் தம்பி. ஒங்களுக்குத்தான அந்தக் கணக்கெல்லாம் தெரியும்.” உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு பெண்ணும் எந்த மாதம் எந்தக் காட்டில் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். மக்காச்சோளம் ஒடிப்பது, பருத்தி எடுப்பது, பூப்பறிப்பது, ஆடு மேய்ப்பது. நோட்டில் ஆறு பக்கம் வந்தது. அன்றைக்கு அக்காவோடு தெருத்தெருவாகப் போனபோதே இதைக் கேட்டிருந்தாலும், அதை எழுத என் படிவத்தில் இடம் கிடையாது.

தென்காசி கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை தோறும் மனு வாங்குவார்கள். முதல் திங்கள் பதினான்கு பேர் போனோம். பஸ்ஸில் புளியோதரை சாப்பிட்டோம், அக்காவைப் பற்றிப் பேசினோம். மனுவை மரியாதையாக வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். பதில் வராததால் மறுபடி போனோம். மூன்றாவது தடவை ஆறு பேர். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருவது எல்லாருக்கும் முடிகிற காரியம் இல்லை. போன திங்கள் மதினியும் நானும் மட்டும்தான். வரிசையில் வெகுநேரம் நின்றோம். கால் வலிக்கிறதென்று அவர் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் முறை வந்ததும் நான் அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன்.